பேசிக்கலாம் வேண்டாம், எழுதிக்கலாம்

தலைப்பைப் பார்த்துவிட்டு "இது ஏதோ காதல் மேட்டர் போல" என்று உள்ளே வந்தவர்கள் மன்னிக்கவும். இது வீட்டு வாடகை பற்றிய கட்டுரை. வந்தது வந்துட்டீங்க, படிச்சுட்டுப் போங்க. உங்க குடும்பத்துக்குப் பணம் மிச்சமாகலாம்.

நம்மில் சிலர் காலேஜுக்கு வெளியே நாலு பேராகச் சேர்ந்து வீடெடுத்துத் தங்கியிருக்கிறோம். இன்னும் சிலர் வீட்டில் மாடி போர்ஷனையோ பக்கத்து ஒற்றை ரூமையோ வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். ரெண்டும் ஒரே ஆளாக இருப்பதும் உண்டு. இங்கே "ஓனர் அட்வான்ஸைத் திருப்பித் தரமாட்டேங்கிறார் மச்சி" என்று திட்டுவோம். லீவுக்கு ஊருக்குப் போனால், "மாடியில் இருக்கிறவர் மூணு மாசமா வாடகை தரலை" என்று அப்பா புலம்புவதைக் கேட்போம். ஒரே பிரச்சினையை ரெண்டு பக்கமிருந்தும் பார்க்கிற வாய்ப்பு நம்ம வயசுக்காரர்களுக்குத்தான் கிடைத்திருக்கிறது. அதனால்தான் இதை இங்கே எழுதுகிறேன்.

என் கருத்து இதுதான். ஒன்றிரண்டு வீடு வைத்திருக்கும் சின்ன ஓனருக்கு, மோசமான வாடகைக்காரரை விடப் பெரிய எதிரி, "அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம் சார்" என்ற அவருடைய சொந்த வார்த்தைதான். எழுத்தில் போட்டு, பதிவு செய்து, ரசீதோடு நடத்தினால் முதலில் பாதுகாப்பு கிடைப்பது ஓனருக்கு. இதைப் பல பேர் தலைகீழாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பேப்பரில் எழுதினால் வாடகைக்காரருக்குப் பலம் வந்துவிடும் என்று பயந்து, கையில் இருக்கிற ஒரே ஆயுதத்தையும் கீழே போடுகிறார்கள்.

முதலில் இந்தச் சின்ன ஓனர் யார் என்று பார்ப்போம். சினிமாவில் வருகிற, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கத்துகிற ஆசாமி இல்லை. பி.எஃப். பணத்தில் மாடி எழுப்பியவர். வெளிநாட்டில் சம்பாதித்த காசில் ரெண்டு போர்ஷன் கட்டியவர். கணவர் போன பிறகு கீழ்வீட்டு வாடகையை நம்பி மாசத்தை ஓட்டும் அம்மா. உங்க செமஸ்டர் ஃபீஸிலேயே அந்த மாடி வாடகை கலந்திருக்கலாம். ரெண்டு மாசம் வாடகை நின்றால் ஆடிப்போகிற குடும்பங்கள் இவை.

இன்னொரு பக்கம் ரீல்ஸில் "பாசிவ் இன்கம்" பாடம் நடக்கிறது. வேலைக்குப் போனதும் லோன் போட்டு ஃபிளாட் வாங்கு, வாடகையே இ.எம்.ஐ. கட்டும் என்கிறார்கள். நாம இன்ஜினியரிங் படிக்கிறோம், ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 50 லட்சம் ரூபாய் ஃபிளாட், மாசம் 15,000 வாடகை என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு 1,80,000. போட்ட பணத்தில் 3.6 சதவீதம். இதில் ஒரு மாசம் வீடு காலியாகக் கிடந்தால் 15,000 போச்சு. பெயின்டிங், பிளம்பிங் என்று 20,000. சொத்து வரிக்கு ஒரு 5,000. கையில் மிஞ்சுவது 1,40,000. அதாவது 2.8 சதவீதம். வீட்டுக் கடன் வட்டியோ இதைப் போல ரெண்டு மடங்குக்கும் மேல். லாபம் இவ்வளவு மெலிதாக இருக்கிற இடத்தில் ஒரே ஒரு தகராறு வந்தால் போதும், ரெண்டு வருஷ வருமானம் போய்விடும். மனை விலை ஏறும் என்ற நம்பிக்கை வேறு விஷயம். வாடகையை நம்பி இறங்குகிறவருக்கு, தகராறு வராமல் பார்த்துக்கொள்வதுதான் தொழிலின் பாதி.

இனி சட்டத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் 1960-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம்தான் ரொம்ப காலம் இருந்தது. அதில் வாய்மொழி வாடகைக்கும் இடம் இருந்தது. நியாய வாடகை கேட்டு வழக்குப் போடலாம். காலி செய்ய வைப்பது பெரும்பாடு. "வாடகைக்கு விட்டா வீடு போச்சு" என்ற பயம் நம்ம தாத்தா காலத்தில் வேர் பிடித்தது இப்படித்தான். அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டு, ஓனர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்த 2017-இல் புதுச் சட்டம் கொண்டுவந்தார்கள். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதில் வாடகை எவ்வளவு என்பதை ஓனரும் வாடகைதாரரும் ஒப்பந்தத்தில் முடிவு செய்துகொள்ளலாம். ஆனால் அந்த ஒப்பந்தம் எழுத்தில் இருந்தாக வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்தாக வேண்டும். அவர் துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி. இதற்கென்று டெனன்சி டாட் டிஎன் டாட் கவ் டாட் இன் என்ற அரசு இணையதளமே இருக்கிறது. பதிவானதும் ஒரு பதிவு எண் தருவார்கள்.

இங்கேதான் நம்ம ஊர் ஃபேமஸ் ஐடியா ஒன்று அடிபடுகிறது. "11 மாச அக்ரிமென்ட் போட்டா ரிஜிஸ்டர் பண்ண வேண்டாம்" என்பதுதான் அது. 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டப்படி, ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். அதைத் தவிர்க்கத்தான் இந்த 11 மாசக் கணக்கு. ஆனால் 2017 சட்டம் கேட்கும் பதிவு வேறு. 11 மாச ஒப்பந்தத்துக்கும் அது பொருந்தும். புரோக்கர் நீட்டுகிற ஸ்டாம்ப் பேப்பரில் கையெழுத்துப் போட்டு பீரோவில் வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். தகராறு என்று வாடகை நீதிமன்றத்துக்குப் போகும் நாளில், பதிவாகாத ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு நிற்பது கஷ்டம்.

வீட்டில் இதைச் சொன்னால் மூணு பயம் வரிசையாக வரும். ஒவ்வொன்றுக்கும் பதில் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பயம்: "12 வருஷம் ஒருத்தர் குடியிருந்தா வீடு அவருக்கே சொந்தம்." ஊருக்கு ஊர் இதை நம்புகிறார்கள். இதற்குப் பயந்தே நல்ல வாடகைக்காரரைக்கூட வருஷா வருஷம் மாற்றுகிற ஓனர்கள் இருக்கிறார்கள். அந்த 12 வருஷக் கணக்கு, உரிமையாளரை எதிர்த்து, "இது என்னுடையது" என்று வெளிப்படையாக அனுபவித்து வருபவர்களைப் பற்றியது. வாடகை கொடுத்து, உங்கள் அனுமதியோடு குடியிருப்பவர் எத்தனை வருஷம் இருந்தாலும் வாடகைதாரர்தான். வாடகைதாரராக நுழைந்தவர், குடியிருந்துகொண்டே "வீடு இவருடையதே இல்லை" என்று ஓனரை மறுக்க முடியாது என்பது சாட்சியச் சட்டத்தின் பழைய விதி. இப்போதைய சட்டத்திலும் அது இருக்கிறது. ஆனால் அவர் வாடகைதாரர்தான் என்று நிரூபிக்க என்ன வேண்டும்? ஒப்பந்தமும் ரசீதும். எழுதாமல் விட்டால்தான் இந்தப் பயத்துக்குக் கொஞ்சமாவது அர்த்தம் வருகிறது.

இரண்டாவது பயம்: "ரிஜிஸ்டர் பண்ணா இன்கம் டாக்ஸ்காரன் வந்துடுவான்." மாசம் 10,000 வாடகை என்றால் வருஷத்துக்கு 1,20,000. கட்டிய சொத்து வரியை முதலில் கழிக்கலாம். மீதியில் 30 சதவீதத்தை எந்த பில்லும் காட்டாமலே கழிக்கச் சட்டமே அனுமதிக்கிறது. சொத்து வரியை விட்டுவிட்டுப் பார்த்தாலும் கணக்கில் சேர்வது 84,000 ரூபாய்தான். வேறு வருமானம் இல்லாத அம்மா பெயரில் வீடு இருந்தால், இதற்கு மட்டும் வரியே வராது. இன்னொரு பக்கம், வருஷ வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால், வேலைக்குப் போகிற வாடகைக்காரர் வீட்டு வாடகைப்படிக்குக் கணக்குக் காட்ட ஓனரின் பான் நம்பரைக் கேட்கத்தான் செய்வார். கொடுக்க மறுத்தால் நல்ல சம்பளக்காரர் வேறு வீடு பார்த்துப் போய்விடுவார். ஒளித்து வைப்பதில் மிச்சமாவது கொஞ்சம், இழப்பது அதிகம்.

மூன்றாவது பயம், பயம் கூட இல்லை, கூச்சம். "பார்த்தா நல்ல மனுஷங்களாத் தெரியுறாங்க, பேப்பரை நீட்டினா தப்பா நினைச்சுக்குவாங்க." லேபில் உங்க பார்ட்னர் உயிர் நண்பனாகவே இருக்கட்டும், ரீடிங்கை எழுதி வைக்காமல் ரெக்கார்டு முடிக்க முடியுமா? எழுதுவது சந்தேகத்தால் இல்லை. ரெண்டு பேருக்கும் ஞாபகம் வேறு வேறு மாதிரி இருக்கும் என்பதால்.

அடுத்தது அட்வான்ஸ். இதைப் பற்றி வீட்டில் ஒரு வாக்கியம் அழுத்திச் சொல்லுங்கள்: அட்வான்ஸ் வருமானம் கிடையாது, அது கடன். சென்னையில் 10 மாச அட்வான்ஸ் வாங்கிப் பழகிவிட்டார்கள். 8,000 வாடகைக்கு 80,000. வந்த கையோடு டைல்ஸ் போட்டு, மோட்டார் மாற்றிச் செலவழித்தாகிவிடும். வாடகைக்காரர் காலி செய்கிறேன் என்றதும், "அடுத்த ஆள் வரட்டும், வாங்கித் தர்றேன்" என்பார்கள். பெரும்பாலும் ஓனர் ஏமாற்ற நினைப்பதில்லை. நிஜமாகவே கையில் பணம் இருக்காது. சட்டம் என்ன சொல்கிறது? ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால், மூன்று மாச வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. காலி செய்த ஒரு மாசத்துக்குள், வாடகைக்காரர் தர வேண்டிய பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும். மூணு மாசமோ ஐந்து மாசமோ, வாங்கியதை அப்படியே தனியாக ஃபிக்ஸட் டெபாசிட்டில் போட்டு வையுங்கள். வட்டி உங்களுக்கு, அசல் அவருக்கு. மாசக் கடைசியில் வாசலில் நின்று கத்துகிற சண்டையில் பாதி இதிலேயே குறையும்.

அட்வான்ஸில் பிடிக்கிற பிடிப்புகளுக்கும் கணக்கு வேண்டும். "பெயின்டிங்குக்கு ஒரு மாசம்" என்று வாய்ப்பழக்கத்தில் பிடித்துவிடுகிறார்கள். ஒப்பந்தத்தில் யார் பொறுப்பு என்று எழுதாவிட்டால், சட்டத்தின் இரண்டாம் அட்டவணை பிரித்துக் கொடுத்திருக்கிறது. கட்டடப் பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னல் பெயின்ட், குழாய் லைன் மாற்றுவது, வயரிங் எல்லாம் ஓனர் வேலை. குழாய் வாஷர், சுவிட்ச், பிளக் பாயின்ட், சாக்கடை அடைப்பு, உடைந்த ஜன்னல் கண்ணாடி எல்லாம் குடியிருப்பவர் வேலை. ஆக, பெயின்டிங் காசு வேண்டுமென்றால் முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். எழுதாமல் பிடிப்பது சட்டப்படி நிற்காது.

சரி, வாடகைக்காரர் உண்மையாகவே பணம் தரவில்லை. என்ன செய்வது? நம்ம ஊர் ஓனர் முதலில் கை வைப்பது ஃபியூஸ் கட்டையில். அப்புறம் மோட்டார் போடமாட்டார். அதற்கும் மசியாவிட்டால் ஆள் இல்லாத நேரத்தில் பூட்டுப் போடுவார். இது அறமா என்பது ஒரு கேள்வி. அதை விடுங்கள், தந்திரமாகவே இது முட்டாள்தனம். தண்ணீர், கரண்ட் போன்ற அத்தியாவசிய வசதிகளை ஓனர் நிறுத்தக் கூடாது என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. வாடகைக்காரர் வாடகை அதிகாரியிடம் போனால், உடனே திருப்பித் தரச் சொல்லி இடைக்கால உத்தரவு வாங்கலாம். மூணு மாசம் வாடகை ஏமாந்தவர் ஒரே ராத்திரியில் குற்றவாளிக் கூண்டுக்கு மாறிவிடுவார். எதிராளிக்கு இதைவிட நல்ல பரிசு கிடையாது.

சரியான வழி வேறு. ரெண்டு மாச வாடகை பாக்கியானால், எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். நோட்டீஸ் கிடைத்து ஒரு மாசத்துக்குள் கட்டவில்லை என்றால், காலி செய்யச் சொல்லி வாடகை நீதிமன்றத்தில் மனுப் போடலாம். சம்மதமில்லாமல் உள்வாடகைக்கு விட்டாலும், சொந்த உபயோகத்துக்கு வீடு தேவைப்பட்டாலும் மனுப் போட இடம் உண்டு. இதெல்லாம் ஒரே நாளில் முடியாதுதான். ஆபீஸ் படி ஏற வேண்டும், வக்கீலுக்குப் பணம் ஆகும், அலைச்சல் உண்டு. அதை நான் மறைக்கவில்லை. அப்படி அலையும்போது கையில் பதிவு எண்ணும், வங்கிக் கணக்கில் வந்த வாடகை விவரமும், நோட்டீஸ் நகலும் இருப்பவருக்கும், "ஊரே சொல்லும் சார், அவர் எனக்குப் பாக்கி" என்று வெறுங்கையோடு நிற்பவருக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று யோசியுங்கள்.

கரண்ட் பில்லையும் சொல்லியாக வேண்டும். ஒரே மீட்டரில் கீழ்வீடு, மேல்வீடு எல்லாவற்றையும் ஓட்டிவிட்டு, யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஓனரே ரேட் போடுவது நம்ம ஊரில் சகஜம். வீட்டு இணைப்புக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது எல்லோருக்கும் தெரியும். யூனிட் ஏற ஏற ஸ்லாப் ரேட்டும் ஏறும் என்பதும் தெரியும். ரெண்டு குடும்பம் ஒரே மீட்டரில் இருந்தால் ரெண்டாவது குடும்பத்தின் இலவச யூனிட் போகிறது, இருவரும் சேர்ந்து மேல் ஸ்லாப்புக்குப் போகிறார்கள். தனி இணைப்பு வாங்கச் செலவு ஒரு முறைதான். மாசா மாசம் வருகிற மனஸ்தாபம் அதோடு நிற்கும்.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பான விஷயம். வீடு கேட்டுப் போனால் வேலை என்ன என்று கேட்பதற்கு முன்னால், "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்கிறார்கள். பேச்சிலர் என்றால் கதவு பாதிதான் திறக்கும். நம்மில் பலருக்கு இது நடந்திருக்கிறது. சாதி கேட்டு மனுஷனை வாசலில் நிறுத்துவது கேவலம். அதோடு, அந்தக் கேள்விக்கான பதிலில் வாடகை ஒழுங்காக வருமா என்பதற்கு எந்தத் தடயமும் இல்லை. அது தெரிய வேண்டுமென்றால் வேலை எங்கே, அடையாள அட்டை என்ன, முந்தைய ஓனர் என்ன சொல்கிறார், யாரெல்லாம் தங்கப் போகிறார்கள் என்று கேளுங்கள். மாணவர்கள் என்றால் நாலு பேர் பெயரையும் ஒப்பந்தத்தில் போட்டு, நாலு பேரிடமும் கையெழுத்து வாங்குங்கள். ஒருத்தன் பெயரில் எடுத்து ஆறு பேர் தங்குகிற வேலையே இருக்காது. இதை நம்ம பசங்களும் கவனிக்க வேண்டும். பெயர் இல்லாதவனுக்கு அட்வான்ஸில் பங்கு கேட்கப் பிடிமானம் இல்லை.

இப்போது உங்க வேலை. அப்பா அம்மாவுக்கு அந்த இணையதளம் பழக்கமிருக்காது. பி.டி.எஃப். அப்லோடு பண்ணுவது நமக்கு ஒரு பெரிய விஷயமே இல்லை. அடுத்த லீவில் ஒரு சனிக்கிழமையை ஒதுக்குங்கள். வாடகை, அட்வான்ஸ், காலம், எத்தனை மாச நோட்டீஸ், வாடகை எப்போது எவ்வளவு உயரும், கரண்ட், தண்ணீர், பெயின்டிங் யார் பொறுப்பு, யாரெல்லாம் குடியிருக்கிறார்கள் என எல்லாவற்றையும் எழுதுங்கள். ரெண்டு அசல் எடுத்து ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பதிவு செய்யுங்கள். வாடகையை யு.பி.ஐ. அல்லது வங்கி வழியாக வாங்கச் சொல்லுங்கள். கையில் வாங்கினால் ரசீது கொடுக்கச் சொல்லுங்கள்.

புதிதாக ஒருவர் குடிவரும் நாளில் சுவர், குழாய், ஃபேன், மீட்டர் ரீடிங் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து, ரெண்டு பேர் வாட்ஸ்அப்பிலும் போட்டு வையுங்கள். காலி செய்யும் நாளில் "இந்த ஓட்டை முன்னாடியே இருந்தது" என்ற பேச்சுக்கு அதுவே பதில். சாவி நம்மிடம் ஒன்று இருக்கிறது என்பதற்காக நினைத்த நேரத்தில் உள்ளே போகக் கூடாது, 24 மணி நேரம் முன்பே எழுத்தில் தகவல் சொல்ல வேண்டும் என்பதையும் வீட்டில் சொல்லி வையுங்கள். வாட்ஸ்அப்பில் முந்தின நாளே ஒரு மெசேஜ் போட்டுவிட்டுப் போவதில் யாருக்கும் மரியாதை குறையாது.

காலேஜ் பக்கம் வீடெடுத்திருப்பவர்கள் இதே பட்டியலை உங்க ஓனரிடம் நீங்களே எடுத்துப் போங்கள். "எங்களை நம்பலையா தம்பி?" என்று கேட்டால், "நம்புறோம் அங்கிள், உங்களுக்கும் நல்லதுதான்" என்று சொல்லுங்கள். சும்மா சமாளிப்பு இல்லை, உண்மையாகவே அவருக்கும் நல்லதுதான்.